பார்த்தவர் பட்டியல்

வார்டோவில் டிசம்பர் என்றால்
பகல் பதினோரு மணிக்கும் தெருவிளக்கு அணையாது.
அந்த மாதத்தில்தான் வரி அலுவலகம்
நாட்டின் மடியை அவிழ்த்துக் காட்டும்:
யார் எவ்வளவு சம்பாதித்தார், எவ்வளவு கட்டினார்.
நார்வேயில் யாரும் யாரையும் தேடலாம்.
ஒரே நிபந்தனை,
எட்டிப் பார்ப்பவர் தம் பெயரை விட்டுவிட்டுப் போக வேண்டும்,
வாசலில் காலணியைக் கழற்றுவது போல.

நான் யாரையும் தேடியதில்லை.
என்னைத் தேடியவர்களைத் தேடுவேன்,
காட் மீன் வாடை போகாத கையோடு,
ஒற்றை விரலால் தட்டித் தட்டி.

இந்த வருடம் மூன்று பேர்.
வீட்டுக்காரர் ஓட்மார்.
சரி, ஜனவரியில் வாடகை ஏறும்.
கேட்டதற்குச் சிரித்தார்:
மடியில் கனமில்லையென்றால் வழியில் என்ன பயம்?
கனமில்லாதவளுக்கும் மடி என்று ஒன்று உண்டு, ஓட்மார்.
அடுத்து, பொட்டலப் பிரிவு சுன்னிவா.
அவளைவிட எனக்கு மணிக்கு ஆறு குரோனர் அதிகம்.
மூன்று நாளாகக் காபி நேரத்தில்
அவள் ஏன் வேறு மேசை என்பது
இப்போதுதான் புரிந்தது.
மூன்றாவது ஆள் யாரோ. பிறந்த ஆண்டு 1994, ஊர் மோல்டே.
அவனை நினைத்து ஒரு இரவு தூங்கவில்லை.

மூடி வைத்தால் முதலாளிதான் பிழைப்பான்
என்பாள் யூனியன் ஹில்டூர்.
இதே பட்டியலை மேசைமேல் போட்டுத்தான்
கத்திப் பிரிவில் ஆணுக்கொரு கூலி, பெண்ணுக்கொரு கூலி
என்பதை அவள் உடைத்தாள்.
என் ஆறு குரோனர் வந்த வழி அது.
சுன்னிவாவின் மகனுக்குப் பள்ளியில்
'சைபர்' என்று பெயர் விழுந்ததும்
அதே பட்டியலில் அவன் அப்பனைத் தேடித்தான்.
இரண்டையும் தட்டில் வைக்கிறேன்,
முள் நடுங்குகிறது.
மீன் நிறுப்பவளுக்குத் தெரியும்,
நடுங்கும் முள்ளை நம்பி விலை எழுதக் கூடாது.

கடை அட்டை வேறு கதை.
போன மாதம் போனுக்கு ஒரு சலுகை வந்தது:
ஒருவருக்கான மீன் சூப், இருபது சதவீதம் தள்ளுபடி.
நான் யாரிடமும் சொல்லவில்லை.
ரோவர் போய்விட்டான்,
கதவில் அவன் பெயர் அப்படியேதான் இருக்கிறது.
ரொட்டி பாதியானதை எண்ணியிருக்கிறார்கள்.
எண்ணியது யார்?
பெயரில்லை. பிறந்த ஆண்டில்லை. ஊரில்லை.
எங்கள் குன்றின்மேல் ரேடார்களின் வெள்ளைக் கோளங்கள் இருக்கின்றன.
அவை எதைப் பார்க்கின்றன என்று கேட்டால்
ஊரில் வானிலையைப் பற்றிப் பேசுவார்கள்.
சூப்பை வாங்கினேன்.
மலிவாகத்தான் இருந்தது.

போன வருடம் வரை நான்காவதாக ஒரு பெயர் வரும்.
எய்லிஃப். பிறந்த ஆண்டு 1971, ஊர் ஹோனிங்ஸ்வோக்.
என் அண்ணன்.
அப்பாவின் படகை விற்ற காசில் வந்த சண்டை,
பன்னிரண்டு வருடமாகப் பேச்சில்லை.
ஆனால் பட்டியல் திறந்த முதல் நாளே
என் கூலியை ஒரு பார்வை பார்த்துவிடுவான்.
பொறாமையா, பழைய கணக்கா,
வேறெதுவுமா, தெரியாது.
முதல் வருடம் கொதித்தேன்.
இரண்டாம் வருடம் ஓவர்டைம் செய்தேன்.
ஏனென்று கேட்காதீர்கள்.

இந்த வருடம் அவன் பார்க்கவில்லை.

ஒரு வாரம் காத்திருந்தேன்.
நேற்றிரவு, வாழ்க்கையில் முதல் தடவையாக,
ஒருவர் பெயரை அந்தக் கட்டத்தில் தட்டினேன்.
ஊர் மாறவில்லை.
வருமானம் பாதி.
ஏன் பாதி என்று எண்ணுக்குச் சொல்லத் தெரியாது.
எந்த ரொட்டி அவனுக்குக் குறைந்தது என்று
கடைக்குத் தெரிந்திருக்கும்.
கடையிடம் நான் எப்படிக் கேட்பது?

இப்போது அவன் பக்கத்தில் என் பெயர் இருக்கிறது,
பிறந்த ஆண்டோடு, ஊரோடு.
அழிக்க வழி இருக்கிறதா என்று
கொஞ்ச நேரம் துழாவினேன்.
இல்லை.
எழுந்து கையைக் கழுவினேன், மறுபடியும் கழுவினேன்.
ஆறு மணி ஷிப்டுக்கு
நாலரைக்கே எழ வேண்டும்.